சிறுநீர்ப் பட்டையில் குறை தெரியாவிட்டால் சிறுநீரகம் நலமாக இருக்கிறதென்று கொள்ளலாமா?

சாட்ஸ்வொர்த்வாசி எழுதியது:

அன்புடையீர், வணக்கம். என் தகப்பனாருக்கு வயது 68. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் நெடுநாளாக உண்டு. மாத்திரை வாங்கச் செல்லும்போதெல்லாம் கிளினிக்கில் சிஸ்டர் ஒரு பட்டையைச் சிறுநீரில் தோய்த்துப் பார்த்து, சர்க்கரை இல்லை, புரதம் இல்லை என்று அட்டையில் குறித்துக் கொடுக்கிறார். அந்த அட்டையை அப்பா சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, தம் கிட்னிக்கு ஒரு கேடும் இல்லை என்று வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். எனக்கு விளங்காதவை இரண்டு. சென்ற முறை விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 9 மில்லிமோல் இருந்தது. அதே வேளையில் சிறுநீரில் சர்க்கரை இல்லை என்று வந்தது எப்படி? அடுத்து, சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகள், பட்டையை மட்டும் நம்பாமல் மைக்ரோஆல்புமின் சோதனையைக் கேட்கும்படி சொல்கிறாள். புரதம் இல்லை என்று பட்டை சொன்ன பிறகு அதற்கு மேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

டர்பன் ஆய்வகத்தார் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் மருத்துவர் அல்லேன். ஆய்வகத்தில் சிறுநீர், இரத்த மாதிரிகளைப் பார்ப்பது என் தொழில். ஆகவே, ஒரு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் கேள்விக்கு விடை எளிது. சிறுநீரகம் இரத்தத்தை வடிக்கும்போது சர்க்கரையும் சேர்ந்தே வடிகிறது; ஆனால் நுண்குழாய்கள் அதை ஏறத்தாழ முழுவதும் திரும்ப உறிஞ்சி இரத்தத்திலேயே சேர்த்துவிடுகின்றன. இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 10 மில்லிமோலைத் தாண்டும்போதுதான் அவற்றால் ஈடுகொடுக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் வழிகிறது. உங்கள் தகப்பனாரின் 9 அந்த வரம்புக்குள் நிற்பதால் பட்டைக்கு ஒன்றும் தெரியவில்லை. வயதானவர்கள் சிலருக்கு வரம்பு இன்னும் மேலே இருக்கும்; கர்ப்பிணிகளுக்கு அது தாழ்ந்துவிடுவதால், சர்க்கரை நோய் இல்லாமலேயே பட்டை நிறம் மாறுவதுண்டு. மேலும், எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுவதற்கென்றே கொடுக்கப்படுபவை. அவற்றை உட்கொள்பவரின் பட்டை எப்போதும் சர்க்கரையைக் காட்டிக்கொண்டேதான் இருக்கும். சுருங்கச் சொன்னால், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று அறியச் சிறுநீர் ஏற்ற இடம் அன்று. அதற்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் இரத்தச் சோதனை இருக்கிறது.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. உங்கள் சித்தப்பா மகள் சொல்வது சரி. பட்டையில் புரதத்துக்கான கட்டம் நிறம் மாறத் தொடங்குவதற்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவிலாவது புரதம் இருக்க வேண்டும். ஒரு கூட்டல் குறி என்றால் ஏறத்தாழ 300. சர்க்கரை நோயால் சிறுநீரகத்தின் வடிகட்டிகள் முதன்முதலில் பழுதுபடும்போது கசியும் ஆல்புமின் என்னும் புரதம் அதைவிட மிகக் குறைவு. அந்தச் சிறு கசிவு தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே பட்டையில் புரதம் தெரியும். பெரும்பாலோர்க்கு, தசைக் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் ஏறுவது அதற்கும் பிறகுதான். கசிவைத் தொடக்கத்திலேயே கண்டால், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடித்தும், எனலாப்ரில் வகை இரத்த அழுத்த மருந்துகளைக் கொடுத்தும் பழுதின் வேகத்தைக் குறைக்க முடியும். பட்டை தெரிவிக்கும் வரை காத்திருப்பவர் அந்த ஆண்டுகளை இழந்துவிடுகிறார்.

உங்கள் சித்தப்பா மகள் மைக்ரோஆல்புமின் என்று குறிப்பிட்ட, நீங்கள் கேட்க வேண்டிய சோதனையின் பெயர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம். இங்கே தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் ஏசிஆர் என்பார்கள். விகிதமாகக் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும், குடிக்காதவருடையது செறிந்திருக்கும்; ஆல்புமினை மட்டும் அளந்தால் இந்த வேறுபாடு ஏமாற்றிவிடும். கிரியேட்டினின் ஒருவருடைய உடலிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுவதால், அதைக் கொண்டு வகுத்தால் நீர்ப்பின் ஏமாற்று நீங்கிவிடுகிறது. ஒரு மில்லிமோல் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 3 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 3 முதல் 30 வரை தொடக்கநிலைக் கசிவு. 30க்கு மேல் கடுமையானது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிக்கு நோய் கண்டறிந்த அன்றே ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும் என்பது பொதுவான மருத்துவ நெறி.

தோங்காட் ஆசிரியை எழுதியது:

ஐயா, மிகத் தெளிவாக விளக்கினீர்கள். முன்பெல்லாம் பெரிய பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கொடுத்து, 24 மணி நேரச் சிறுநீரையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வார்கள். அது இப்போது தேவையில்லையா?

வேறொரு ஐயமும் இருக்கிறது. என் அம்மாவுக்கு 80 வயதாகிறது. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்று அழைத்துச் செல்லும்போதெல்லாம், பட்டையில் வெள்ளணு தெரிகிறதென்று ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மாவுக்கோ எரிச்சலோ காய்ச்சலோ அடிவயிற்று வலியோ கிடையாது. இது சரியான வைத்தியம்தானா?

டர்பன் ஆய்வகத்தார் எழுதியது:

ஆசிரியை அம்மா, இந்தக் காரியத்துக்குப் பெரும்பாலும் அந்தக் கேன் இப்போது தேவைப்படுவதில்லை. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் ஒரு சிறு புட்டி போதும். வேறு சில கணக்குகளுக்கு, எடுத்துக்காட்டாகச் சிறுநீரகக்கல் திரும்பத் திரும்ப வருபவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்தும் யூரிக் அமிலமும் எவ்வளவு வெளியேறுகின்றன என்று பார்க்க, இன்றும் 24 மணி நேரச் சேகரிப்பைக் கேட்கிறோம்.

உங்கள் அம்மாவைப் பற்றி நேரடியாக ஒன்றும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பொதுவாகச் சொல்வதானால், முதுமையில், அதிலும் பெண்களுக்கு, எந்த உபாதையும் இல்லாமல் சிறுநீரில் கிருமிகள் குடியிருப்பது மிகச் சாதாரணம். வலியோ காய்ச்சலோ இல்லாதபோது அவற்றை ஒழிக்க மருந்து கொடுப்பதால் நன்மை இல்லை, கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் என்பதே ஆய்வுகளின் முடிவு. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ள இருப்பவர்களும் இதற்கு விலக்கு. கலங்கலும் நாற்றமும் தண்ணீர் குறைவாகக் குடித்ததாலோ உணவாலோ கூட வரும்.

பட்டையில் நைட்ரைட் என்றொரு கட்டம் உண்டு. ஈ.கோலை போன்ற கிருமிகள் சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுவதை அது காட்டும். அதற்குச் சிறுநீர் நான்கு மணி நேரமாவது சிறுநீர்ப்பையில் தங்கியிருக்க வேண்டும். மாற்றத் தெரியாத கிருமிகளும் இருக்கின்றன. ஆகவே எரிச்சலும் கடுப்பும் இருக்கும் ஒருவருக்கு நைட்ரைட் இல்லை என்று வந்தாலும் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. கல்ச்சர் செய்து, அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால்தான் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது தெரியும். அதற்கும் மாதிரியை ஒழுங்காக எடுக்க வேண்டும்: முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பிக்க வேண்டும், இயலாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். நம் டர்பன் வெயிலில் காருக்குள் அரைநாள் கிடந்த புட்டியில் கிருமி பெருகியிருக்கும், சர்க்கரை குறைந்திருக்கும், அணுக்கள் சிதைந்திருக்கும். அதைக் கொண்டு ஒருவருக்கு நோய் இருக்கிறதென்று சொல்வது அநியாயம். ஆனால் அப்படிப்பட்ட புட்டிகள் எங்களுக்கு வராத நாளே இல்லை.

சித்தவழி எழுதியது:

இத்தனை கருவிகளும் இல்லாத காலத்திலேயே நம் முன்னோர் நீர்க்குறி, நெய்க்குறி என்று வகுத்து, விடியற்காலைச் சிறுநீரின் நிறம், எடை, நாற்றம், நுரை ஆகியவற்றைப் பார்த்தும், அதில் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு அது பாம்பாக நீள்கிறதா, மோதிரமாக வளைகிறதா, முத்தாக நிற்கிறதா என்று நோக்கியும் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றைக் கணித்தார்கள். இதைப் பற்றி இங்கே ஒருவரும் பேசாதது வருத்தத்தைத் தருகிறது.

டர்பன் ஆய்வகத்தார் எழுதியது:

நன்றாக நினைவூட்டினீர்கள் ஐயா. நிறம், நுரை, நாற்றம் ஆகியவற்றை நாங்களும் இன்றுவரை பார்க்கிறோம். நீங்காத நுரை புரதத்தைச் சுட்டலாம். கறுத்த தேநீர் நிறமும் வெளிறிய மலமும் சேர்ந்து வந்தால் பித்தநீர்ப் பாதையில் அடைப்பு இருக்கக்கூடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் உட்கொள்பவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகும். பீட்ரூட் தின்றவர் சிலருக்குச் சிவந்து போவதும், பி வைட்டமின் மாத்திரையால் பளிச்சென்ற மஞ்சளாவதும் நோயல்ல.

எண்ணெய்த் துளி பரவும் விதமும் வெறும் கற்பனையன்று. சிறுநீரில் பித்த உப்புகள் இருந்தால் அதன் மேற்பரப்பு இழுவிசை குறையும். இதே இயல்பை வைத்து, கந்தகப் பொடியைத் தூவி அது மூழ்குகிறதா மிதக்கிறதா என்று பார்க்கும் சோதனையை ஆய்வகப் பாடத்தில் நாங்களும் படித்தோம். ஆனால் துளியின் வடிவம் ஆல்புமின் 4 மில்லிகிராமா 40 மில்லிகிராமா என்று சொல்லாது. இந்த இழையைத் தொடங்கிய தம்பிக்கு வேண்டியது அந்த எண்தான். ஆகவே நெய்க்குறி பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, அதற்காக ஏசிஆரை விட்டுவிடுவதில்தான் மறுப்பு.

பழங்கதை என்று வந்ததால் நம் நாட்டுக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேப் டவுனில் பணியாற்றிய லான்செலாட் ஹாக்பென் என்ற விஞ்ஞானி, இங்குள்ள நகமுடைய தவளையை ஆராய்ந்தார். அதன் வழியே 1930களில் ஒரு கர்ப்பச் சோதனை உருவாயிற்று. பெண்ணின் சிறுநீரைப் பெண்தவளைக்கு ஊசி மூலம் செலுத்தினால், அவள் கருவுற்றிருக்கும் பட்சத்தில் தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். 1960கள் வரையில் தென்னாப்பிரிக்கத் தவளைகள் உலகெங்கும் கப்பலேறியது இதற்காகவே. இன்று மருந்துக் கடையில் வாங்கும் குச்சி தேடுவதும் அந்தத் தவளை உணர்ந்த அதே எச்சிஜி என்னும் கர்ப்பகால ஹார்மோனைத்தான்.

மாரிட்ஸ்பர்க் ஓட்டக்காரர் எழுதியது:

நான் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடுபவன். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையில் 90 கிலோமீட்டரை ஒட்டி ஓடி முடித்த பிறகு, எங்கள் குழுவில் ஒருவருக்குக் கோக்கைப் போலக் கறுப்பாகச் சிறுநீர் போயிற்று. பட்டையில் இரத்தத்துக்கான கட்டம் முழுவதும் கறுத்துவிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தபோது ஒரு சிவப்பணுகூட இல்லை என்றார்கள். இரத்தம் இருக்கிறது, ஆனால் இரத்த அணு இல்லை என்பது எங்களுக்கு இன்றுவரை விடுகதையாகவே இருக்கிறது.

டர்பன் ஆய்வகத்தார் எழுதியது:

பட்டைக்கு இரத்தமும் தசையும் ஒன்றுதான் அண்ணா. சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினுக்கு நிறம் மாறுவதைப் போலவே, சிதைந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபினுக்கும் அது நிறம் மாறும். பட்டையில் இரத்தம், நுண்ணோக்கியில் அணு இல்லை, ஓடியவரோ 90 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார் என்றால் தசைச் சிதைவைத்தான் முதலில் நினைக்க வேண்டும்; அது சிறுநீரகத்தை அடைத்து முடக்கிவிடக் கூடியது என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை. ஓடுவதற்கு முன்னும் நடுவிலும் இப்யூபுரோஃபென் போன்ற வலிமாத்திரைகளை விழுங்குகிறவர்களுக்கு, தண்ணீர்ச் சத்தும் குறைந்திருக்கும்போது, சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது.

மறுபக்கமும் உண்டு. வலியே இல்லாமல் கண்ணுக்குத் தெரியும்படி இரத்தம் போனால், நடுத்தர வயதைக் கடந்தவர், அதிலும் புகைபிடிப்பவர், ஓட்டத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் முதலில் தலைகாட்டும். ஒரு முறை வந்து தானே நின்றுபோனாலும் பார்த்தாக வேண்டும். வைட்டமின் சி மாத்திரைகளை மிகுதியாகச் சாப்பிட்டால் பட்டையில் இரத்தம் இருந்தும் இல்லாததைப் போலத் தோன்றும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாங்கர் தாய் எழுதியது:

என் மகனுக்கு வயது பதினொன்று. சிறுநீர் கழித்து முடியும் தறுவாயில் கடைசித் துளிகள் இளஞ்சிவப்பாக வருகின்றன. வலி இல்லை என்கிறான். விடுமுறையில் வடக்கே உறவினர் பண்ணைக்குப் போய் ஆற்றில் குளித்தது உண்டு. காலைச் சிறுநீரை எடுத்து வரச் சொல்லட்டுமா?

லெனேசியா செவிலி எழுதியது:

அம்மா, உடனே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆற்றில் குளித்ததை மறக்காமல் சொல்லுங்கள். குவாசூலு-நடால், லிம்போப்போ, ம்பூமலாங்கா பகுதிகளின் ஆறுகளிலும் குளங்களிலும் பில்ஹார்சியா என்னும் புழு நோய் உண்டு. நத்தைகளிலிருந்து வெளிவரும் நுண்புழுக்கள் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள நாளங்களில் தங்கி முட்டையிடும். முட்டைகள் பையின் சுவரைக் கீறிக்கொண்டு வெளியேறுவதால்தான் கடைசித் துளிகளில் இரத்தம் தெரிகிறது. முட்டைகள் மிகுதியாக வெளியேறும் நேரம் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. ஆகவே இந்தச் சோதனைக்குக் காலைச் சிறுநீர் ஏற்றதன்று. நண்பகலில், இறுதித் துளிகள் வரை பிடித்துக் கொடுக்க வேண்டும். தொற்றிய சில வாரங்களுக்குள் பார்த்தால் முட்டை தென்படாது. மருந்து பிராசிகுவாண்டல், எடைக்கேற்பக் கொடுப்பார்கள். கூடக் குளித்த பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு இது பிறப்புறுப்பில் புண்ணாகி, பால்வினை நோயென்று தவறாகக் கருதப்படுவது உண்டு.

எங்கள் வார்டில் இன்னொரு சிறுநீர்ச் சோதனையும் நடைமுறையில் இருக்கிறது. எச்ஐவி முற்றிய நிலையில், சளியை வெளிக்கொணரவும் வலுவில்லாத நோயாளியின் சிறுநீரில் காசநோய்க் கிருமியின் உறைப்பொருளைத் தேடுவோம். அரை மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிடும். நுரையீரல் நோய்க்குச் சிறுநீரைப் பார்க்கிறார்களே என்று உறவினர்கள் வியப்பார்கள். நோயெதிர்ப்பு குன்றியவர்களுக்கே இது பயன்படும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது.

ரிச்சர்ட்ஸ் பே தொழிலாளி எழுதியது:

எங்கள் ஆலையில் போதைப்பொருளுக்காகச் சிறுநீர்ச் சோதனை வைத்திருக்கிறார்கள். வீட்டில் குருமாவுக்குக் கசகசா அரைத்து ஊற்றுவது வழக்கம். அதனால் மாட்டிக்கொள்வேனா?

டர்பன் ஆய்வகத்தார் எழுதியது:

கசகசா விதையின் மேல் ஒட்டியிருக்கும் செடிப்பாலின் எச்சத்தில் மார்ஃபின் உண்டு என்பதால், நிறையச் சாப்பிட்டால் முதற்கட்டச் சோதனையில் தெரிய வாய்ப்பிருக்கிறது. இதே குழப்பத்தால்தான் அமெரிக்காவில் 1998இல் வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000க்கு உயர்த்தினார்கள். கழுவியும் சமைத்தும் உண்பதில் அளவு குறையும். முதற்கட்டச் சோதனையை மட்டும் வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. உறுதிப்படுத்தும் இரண்டாம் சோதனையைக் கேளுங்கள். ஹெராயினிலிருந்து மட்டுமே வரும் வேதிப்பொருள் ஒன்று உண்டு, கசகசாவில் அது இராது. டாகா எனப்படும் கஞ்சாவின் கதை வேறு: நாள்பட்டுப் புகைப்பவரின் சிறுநீரில் அதன் கழிவுப்பொருள் வாரக்கணக்கில் நிற்கும். அது இருப்பதைக் கொண்டு, சோதனை நாளில் அவர் போதையில் இருந்தார் என்று சொல்ல முடியாது. தொழிலாளிக்கு மருத்துவச் சோதனை செய்வதை 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் ஏழாம் பிரிவில் வரையறுக்கிறது. அதைத் தொழிற்சங்கத்தில் கேட்டறிவது நல்லது.

தோங்காட் ஆசிரியை எழுதியது:

காவடிக்கு விரதம் இருப்பவர்களின் பட்டையில் கீட்டோன் தெரிகிறதென்று பயமுறுத்துகிறார்களே, அதற்கு அஞ்ச வேண்டுமா?

லெனேசியா செவிலி எழுதியது:

பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரிக்கும், கீட்டோன் வரும். நலமாக இருப்பவருக்கு அது கேடன்று. இன்சுலின் போட்டுக்கொள்பவரும், மேலே ஐயா குறிப்பிட்ட டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்தை உட்கொள்பவரும் மட்டும் மருத்துவரைக் கேளாமல் விரதம் இருக்கக் கூடாது. அந்த மருந்தில் இருக்கும்போது இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஆபத்தான அளவுக்குச் சேரக்கூடும். வாந்தியும் மூச்சிரைப்பும் கண்டால் காத்திருக்க வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கேட்டு வாங்கிய ஏசிஆர் வந்துவிட்டது: 7.2. பட்டை அன்றும் புரதம் இல்லை என்றே காட்டியது. அப்பாவோ, அந்த வாரம் காய்ச்சல் இருந்ததால் வந்த கணக்கு அது என்று தள்ளிவிடுகிறார்.

டர்பன் ஆய்வகத்தார் எழுதியது:

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது தம்பி. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாளின் கடும் உடற்பயிற்சி ஆகியவற்றால் ஆல்புமின் தற்காலிகமாக ஏறும். அதனால்தான் ஒரே முடிவை வைத்து முத்திரை குத்துவதில்லை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் உயர்ந்திருந்தால் கசிவு உண்டு என்பார்கள். காய்ச்சல் முற்றிலும் விட்ட பிறகு, காலை முதல் சிறுநீரைக் கொடுக்கச் சொல்லுங்கள். கூடவே இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்து, சிறுநீரகம் வடிக்கும் வேகத்தைக் கணக்கிட வேண்டும். கசிவில்லாமலேயே வேகம் குறைந்தவர்களும் இருக்கிறார்கள். மருத்துவரிடம் போகும்போது, எழுதிக் கொடுத்த மருந்துகளோடு, கடையில் தாமே வாங்கி உட்கொள்ளும் மாத்திரைகளின் பெயரையும் குறித்துக்கொண்டு போங்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி எழுதியது:

முழங்கால் வலிக்கு நாள்தோறும் இப்யூபுரோஃபென் சாப்பிடுகிறார் ஐயா. கிளினிக் அட்டையில் அது எங்கும் இல்லை. இன்றே எழுதிச் சேர்த்துவிடுகிறேன்.